ஆர்தர் வார்ட்டன்: ஊதியத்துக்கு ஆடிய கோல்காப்பாளர்

உதைபந்தாட்டக்காரர் ஒருவர் ஊர்க்கழகத்திலிருந்து பெருங்கழகமொன்றுக்குச் சென்று சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினாரென்றால், அவர் உயர்ந்துவிட்டார் என்கிறோம். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. அயலாரும் அப்படியே பேசிக்கொள்கின்றனர். ஆனால் 'உயர்ச்சி' என்னுஞ் சொல் எப்பொழுதும் இப்பொருளில் வழங்கியதன்று. சம்பளத்துக்கு ஆடுவதை இழிவென்று கருதிய காலமொன்று உதைபந்தாட்டம் பிறந்த இங்கிலாந்திலேயே இருந்தது. அக்காலத்தில், மதபோதகராவதற்கென்று ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்த இளைஞரொருவர், பணம் பெறாத விளையாட்டில் நாடறிந்த புகழை ஈட்டிப் பின்னர் பணம் பெறும் ஆட்டத்துக்கு மாறினார். அவர் பெயர் ஆர்தர் வார்ட்டன். உலகில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதற் கறுப்பினத்தவர் அவரே என்பது ஆய்வாளர் பலரது துணிபு. அம்மாற்றத்தினால் அவர் உயர்ந்தாரா, தாழ்ந்தாரா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

நான் படித்தது மிசன் பாடசாலையொன்றில். மாலையில் மணியடித்ததும் மைதானத்துக்குப் போகவேண்டும். போகாதவருக்கு மறுநாட் காலையில் விசாரணை உண்டு. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்ப்பது, வெற்றியும் தோல்வியும் இரண்டாம்பட்சம், பணத்துக்கு ஆடுபவன் ஆட்டத்தையே கெடுக்கிறான் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. நல்ல போதனைதான், மறுக்கவில்லை. ஆயினும் அப்போதனை எந்த மண்ணில் முளைத்தது, எவருக்கு வசதியாக வளர்ந்தது என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வார்ட்டனின் வரலாற்றைப் படிக்கும்போதே அது எனக்குச் சிறிது விளங்கிற்று.

பணம் பெறாது ஆடுபவரை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பர். நேசிப்பவன் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. பொருள் இனியது, ஆனால் 19 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் அது வழங்கிய விதம் வேறு. ஓட்டப் பந்தயங்களை நடத்திய கனவான்கள், பணத்துக்கு ஓடாதவன் அமெச்சூர் என்று மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. கம்மியர், கைவினைஞர், கூலியாட்கள் ஆகியோர் பணமே பெறாவிடினும் அமெச்சூர் ஆகமாட்டார் என்று விதி வகுத்தனர். உடலுழைப்பினாற் பிழைப்பவனோடு கனவான் ஒருவர் ஒரே கோட்டில் நின்று ஓடுவது தகாது என்பதே கருத்து. 1880 இல் ஒக்ஸ்போர்ட்டில் அமெச்சூர் மெய்வல்லுநர் சங்கம் தோன்றியபோதுதான் ஓட்டப் போட்டிகளில் இவ்விதி கைவிடப்பட்டது. படகோட்டத்திலோ, ஹென்லிப் போட்டிகளில் அது 1937 வரை நிலைத்திருந்தது. கிரிக்கெட்டிலும் 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்' என்றும் இரு சாதியாக ஆட்டக்காரரைப் பிரிக்கும் வழக்கம் 1962 இல்தான் ஒழிந்தது. எங்கள் நாட்டுக் கோயில் வாசல்களையும் தேநீர்க்கடைகளையும் அறிந்தவர்களுக்கு இவ்வகை விதிகள் புதுமையாகத் தோன்றமாட்டா.

உதைபந்தாட்டம் இவ்விதிக்குள் அடங்க மறுத்தது. அதற்குக் காரணம் ஆலைகளே. 1863 இல் இலண்டனிலே உதைபந்தாட்டச் சங்கத்தை நிறுவி ஆட்டவிதிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் செல்வர் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிற் படித்தவர்கள். 1871 இல் தொடங்கிய சங்கக் கிண்ணப் போட்டியில் முதற் பத்தாண்டுக்கு மேலாக வென்றவர்களும் அத்தகையோரே. இதற்கிடையில் வடபகுதியிலே வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் பெண்களையும் இளைஞரையும் ஆலைகளில் வேலைவாங்கலாகாது என்றது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால் நாளடைவில் எல்லாத் தொழிலாளருக்கும் சனி அரைநாள் ஓய்வு கிடைத்தது. ஆட நேரங் கிடைத்தது. பார்க்கவும் நேரங் கிடைத்தது. பார்க்க வந்தவர் வாசலிற் காசு கொடுத்தனர். அக்காசு யாருக்கு உரியது என்ற கேள்வி தானே எழுந்தது.

கிளாஸ்கோவிலிருந்து பேர்கஸ் சூற்றர் என்னும் கல்தச்சர் 1878 இல் லங்காசயரிலுள்ள டார்வெனுக்கு வந்து அவ்வூர்க் கழகத்துக்கு ஆடலானார். வந்த சிறிது காலத்தில் கல்வேலையை விட்டுவிட்டார். அப்படியானால் அவர் எதைக்கொண்டு உண்டார் என்பது ஊரெல்லாம் அறிந்த இரகசியம். ஸ்கொத்லாந்தின் நல்ல ஆட்டக்காரர் பலர் இவ்வாறே தெற்கே வந்தனர். ஆலையிற் பெயருக்கு ஒரு வேலை. ஆட்டம் முடிந்தபின் சப்பாத்துக்குள் சில நாணயங்கள். 1883 இல் பிளாக்பேர்ண் ஒலிம்பிக் என்னும் கழகம் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் ஈற்றன் பள்ளியின் பழைய மாணவரை 2-1 என்று வென்றது. நெசவாளரும் நூற்பாலைத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் நாட்டின் முதன்மையான பள்ளியில் படித்த கனவான்களைத் தோற்கடித்தனர். ஆட்டத்துக்கு முன் அவர்கள் வேலையை விட்டுச் சில நாள் கடற்கரை நகரொன்றிற் பயிற்சி செய்தனர் என்பதே தோற்றவர் சார்பிற் பேசியவர்களுக்குப் பெருங் குறையாகப் பட்டது. வேலையை விட்டவனுக்குச் சோறு போட்டவன் யார் என்று கேட்டனர். கனவான்களுக்குச் சோறு போட்டவர் யார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு பூசல் முற்றியது. பிரெஸ்ரன் நோர்த் எண்ட் கழகத்தோடு ஆடிச் சமநிலை கண்ட இலண்டன் கழகமொன்று, எதிரணியினர் சம்பளத்துக்கு ஆடுகின்றனர் என்று முறையிட்டது. பிரெஸ்ரன் கழகத்தை நடத்திய வில்லியம் சடெல் ஒரு பருத்தியாலையின் முகாமையாளர். அவர் மறைக்கவில்லை, ஆம், எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கின்றனர் என்று ஒத்துக்கொண்டார். கழகம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடபகுதிக் கழகங்கள் சேர்ந்து தமக்கெனத் தனிச் சங்கம் அமைக்கப்போவதாக அச்சுறுத்தியபின்னரே இலண்டன் இறங்கிவந்தது. 1885 யூலை 20 ஆம் நாள் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமாக ஏற்கப்பட்டது. அப்பொழுதும் தொழில்முறை ஆட்டக்காரர் கிண்ணப் போட்டியில் ஆடவேண்டுமாயின், மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்தவராகவோ இரண்டாண்டு வாழ்ந்தவராகவோ இருக்கவேண்டும் என்று கட்டு விதித்தனர். கனவான்களுக்கு அத்தகைய கட்டு இல்லை.

இத்துணையும் சொல்லக் காரணம் உண்டு. இதே 1885 இல்தான் ஆர்தர் வார்ட்டன் டார்லிங்ரன் நகரிலே கோலைக் காக்கத் தொடங்கினார். கதவு திறந்த ஆண்டிலேயே அவர் வாசலில் நின்றார்.

வார்ட்டன் பிறந்தது 1865 ஒக்தோபர் 28 ஆம் நாள், பொற்கரை என்று பிரித்தானியர் அழைத்த நாட்டின் அக்கிரா நகரில். இன்று அது கானாவின் தலைநகர். தந்தையார் ஹென்றி வார்ட்டன் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்த மிசனரி. அவருடைய தந்தை ஸ்கொத்லாந்தவர், தாய் ஆபிரிக்க வழியினர். ஆர்தரின் தாயார் பாந்தி இனத்து அரசகுடும்பத்தோடு உறவுடையவர். எனவே பிள்ளை எளிய குடும்பத்துப் பிள்ளையன்று. தந்தையார் ஆர்தர் சிறுவனாக இருந்தபோதே இறந்தார். சிறுவயதில் இலண்டனிற் சில காலம் படித்த ஆர்தர், 1882 இல், தந்தையின் வழியிற் போதகராகப் பயில்வதற்கென்று மீண்டும் இங்கிலாந்து வந்தார். 1884 இல் டார்லிங்ரனிலுள்ள கிளீவ்லண்ட் கல்லூரியை அடைந்தார்.

கல்லூரியிலே அவர் வேதாகமத்தை எவ்வளவு படித்தார் என்பதை நான் சொல்லமாட்டேன். ஓடினார், கிரிக்கெட் ஆடினார், மிதிவண்டி செலுத்தினார், கோலைக் காத்தார். மகனை மிசன் பணிக்கென்று அனுப்பிவிட்டு அவன் மைதானத்திலேயே நிற்கிறான் என்று கேள்விப்படும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவரை நோவதற்கில்லை. தம் கால்களில் என்ன இருக்கிறது என்பதை அவர் அங்கேதான் கண்டுகொண்டார்.

1886 யூலை 3 ஆம் நாள் இலண்டன் ஸ்ரம்போர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் அமெச்சூர் மெய்வல்லுநர் சங்கத்தின் போட்டி நடைபெற்றது. 100 யார் ஓட்டத்தில் இருபது வயதான வார்ட்டன் 10 விநாடியில் எல்லையைத் தொட்டார். விநாடிக்குப் பத்து யார் என்பது அக்கால ஓட்டக்காரரின் கனவு. அமெச்சூர் ஒருவர் அந்நேரத்தில் ஓடியதாக முறையாக ஏற்கப்பட்ட முதல் ஓட்டம் இதுவே என்று கொள்ளப்படுகிறது. இன்று நாம் நினைப்பதுபோலச் செயற்கைத் தளத்தில் ஓடிய ஓட்டமன்று. சாம்பற் பாதையில், குனிந்து புறப்படும் முறை பரவுமுன் நின்றநிலையிற் புறப்பட்டு ஓடிய காலம் அது. அடுத்த ஆண்டும் அப்பட்டத்தை அவரே பெற்றார். இங்கிலாந்தின் மிக வேகமான மனிதர் ஓர் ஆபிரிக்கர். ஆபிரிக்கரின் உடலும் உள்ளமும் ஐரோப்பியருக்குக் கீழ்ப்பட்டவை என்று அறிஞர் பலர் நூலெழுதிக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது என்பதை மறத்தலாகாது. கடிகாரம் நிறம் பார்ப்பதில்லை.

கோற்கம்பங்களுக்கிடையே நிற்பவரின் செய்தி வேறு. அங்கே கடிகாரம் இல்லை, மனிதர் கண்களே உண்டு. டார்லிங்ரனில் வார்ட்டனின் ஆட்டத்தைக் கண்டு பிரெஸ்ரன் நோர்த் எண்ட் அவரை அழைத்தது. மேலே சொன்ன சடெலின் கழகந்தான். சம்பளத்துக்கு ஆடுவோர் நிறைந்த அவ்வணியிலே ஓட்டத்தில் அமெச்சூர்ப் பட்டம் தாங்கிய வார்ட்டனும் ஆடினார். 1886-87 பருவத்தில் அவ்வணி சங்கக் கிண்ண அரையிறுதிவரை சென்று வெஸ்ட் புரொம்விச் அல்பியனிடம் 3-1 என்று தோற்றது.

அக்காலக் கோல்காப்பாளரின் வேலையை இன்றைய வேலையோடு ஒப்பிடக் கூடாது. கோலுக்கு வலை வந்தது 1891 இல். காப்பாளருக்கென்று வேறுநிறச் சட்டை வந்தது 1909 இல். பந்து கையிலில்லாத வேளையிலும் எதிரணி முன்னணியினர் தோளால் மோதி அவரைக் கோலுக்குள் தள்ளலாம், அது குற்றமன்று. ஒருவர் பந்தை உதைக்க, இன்னும் இருவர் காப்பாளர்மேற் பாய்வது வழக்கமான உபாயம். ஆகவே காப்பாளருக்கு வேண்டியவை திடமான தோளும் விரைந்த காலும் பந்தைத் தூரக் குத்தியெறியும் முட்டியுமே. வார்ட்டனின் முட்டிக்குத்து பேர்பெற்றது. பந்தை நோக்கிய குத்து சில வேளை பந்துக்குப் பின்னால் வந்த தலையிலும் விழும். அவருக்கென்று ஒரு பாணியும் இருந்தது: கம்பத்தின் ஓரத்திற் குந்தியிருப்பார், ஆபத்து இல்லாததுபோலப் பார்த்திருப்பார், கடைசிக் கணத்தில் புலிபோலப் பாய்ந்து பந்தை வெளியேற்றுவார். பார்வையாளருக்கு இது பெருவிருந்து.

எழுத்தாளர் எல்லோருக்கும் அது விருந்தாகவில்லை. 1887 இல் விளையாட்டுப் பத்திரிகையொன்று, வரவிருந்த கிண்ண ஆட்டத்திலே வார்ட்டன் கோலைக் காத்தால் பிரெஸ்ரனின் வாய்ப்புக் குறையும் என்று எழுதியது. எழுதியவர் அவ்வளவோடு நிற்காமல், அவர் நிறத்தைச் சொல்லி இழித்து, கம்பங்களுக்கிடையே கூத்தாடலாகாது என்பது அவர் தடித்த மண்டைக்குள் இறங்காதோ என்றும் வினவினார். வெள்ளைக் காப்பாளர் ஒருவர் இதே கூத்தை ஆடியிருந்தால் அவருக்குத் 'துணிச்சல்' என்ற பட்டம் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். வார்ட்டனை இங்கிலாந்து அணிக்குத் தெரிவுசெய்யலாம் என்ற பேச்சும் அந்நாட்களிற் பத்திரிகைகளில் எழுந்தது. தெரிவு நடக்கவில்லை. இங்கிலாந்தின் முதலணியிற் கறுப்பினத்தவரான விவ் அண்டர்சன் இடம்பெற்றது 1978 இல்.

இவ்விடத்திலே இன்னொருவரை நினைக்கவேண்டும். வார்ட்டனுக்கு முன்பே, 1881 இல், அன்ட்ரூ வாற்சன் என்னும் கறுப்பினத்தவர் ஸ்கொத்லாந்து அணிக்குத் தலைமைதாங்கி இலண்டனிலேயே இங்கிலாந்தை 6-1 என்று வென்றார். பிரித்தானிய கயானாவிலே ஸ்கொத்லாந்துத் தோட்டத்துரை ஒருவருக்குப் பிறந்தவர் அவர். தந்தையின் செல்வம் அவருக்குக் கிடைத்தது. நல்ல பள்ளியிற் படித்தவர். அமெச்சூர் ஆட்டத்தின் கோட்டையாகிய குயின்ஸ் பார்க் கழகத்தின் ஆட்டக்காரர். செல்வமும் பள்ளியும் உடையவருக்கு நிறம் ஓரளவு மன்னிக்கப்பட்டது என்று கொள்ளலாம். வார்ட்டனிடம் அரசகுலத்து உறவு இருந்தது. ஆனால் அது இங்கிலாந்தின் வங்கியொன்றிலும் மாற்றத்தக்க நாணயமன்று.

அமெச்சூர் வாழ்க்கையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பணமின்றி ஆடுவதற்கு முதலிற் பணம் வேண்டும். ஓட்டப்பட்டத்தோடு கிண்ணம் கிடைக்கும். அதிற் கஞ்சி காய்ச்ச முடியாது. 1888 இல் வார்ட்டன் பிரெஸ்ரனை விட்டு நீங்கினார். அதே ஆண்டில் ஷெபீல்ட் நகரின் தொழில்முறை ஓட்டங்களிற் பணத்துக்கு ஓடலானார். வேகமுடையவனைப் பின்னே நிறுத்தி, வேகங் குறைந்தவனைச் சில யார் முன்னே நிறுத்தி ஓடவிடும் ஓட்டங்கள் அவை. பார்ப்பவர் பந்தயம் கட்டுவர். அங்கே ஓடிய கணமே அமெச்சூர் சங்கத்தின் வாசல் அவருக்கு என்றென்றைக்கும் அடைபட்டது. இருமுறை தேசிய வெற்றிவீரராயிருந்தவர் இனி அந்த ஓட்டத்துக்கு மனுப்போடவும் முடியாது. பிரெஸ்ரனோ அவர் நீங்கிய அடுத்த பருவத்தில், பன்னிரண்டு கழகங்களோடு புதிதாய்த் தொடங்கிய உதைபந்தாட்ட லீக்கில் 22 ஆட்டத்திலும் தோலாது வென்று, சங்கக் கிண்ணத்தையும் ஒரு கோலும் விடாமற் பெற்று, 'வெல்லற்கரியோர்' என்ற பெயர் பூண்டது. ஓராண்டு பொறுத்திருந்தால் அப்புகழில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்கலாம். ஓராண்டு பொறுப்பதற்கும் பணம் வேண்டுமே.

1889 இல் அவர் ரொதர்ஹாம் ரவுண் கழகத்தோடு ஒப்பந்தஞ் செய்து சம்பளத்துக்கு உதைபந்தாடத் தொடங்கினார். அவர் தொழில்முறை ஆட்டக்காரரானது இவ்வாறே. டார்லிங்ரனின் கல்லூரி மைதானத்திற் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம் இப்பொழுது அவருடைய உத்தியோகம். அடுத்த ஆண்டு ரொதர்ஹாமிலேயே திருமணமுஞ் செய்துகொண்டார். அக்கழகம் 1892 இலும் 1893 இலும் மிட்லண்ட் லீக்கை வென்று, உதைபந்தாட்ட லீக்கின் இரண்டாம் பிரிவிலே சேர்த்துக்கொள்ளப்பட்டது. அவருடைய ஆட்டவாழ்க்கையின் நல்ல ஆண்டுகள் இவையென்றே நான் எண்ணுகிறேன். நாடு அவரைப் பேசவில்லை. ஊர் அவரை அறிந்திருந்தது. சனிக்கிழமைகளில் சுரங்கத்தாரும் உருக்காலைத் தொழிலாளரும் காசு கொடுத்து அவரைப் பார்க்க வந்தனர்.

அவர்களுள் ஒருவர் கண்டதாகச் சொன்ன காட்சி இது. ஷெபீல்ட் வென்ஸ்டே கழகத்தோடு ஓர் ஆட்டம். பந்து கோலை நோக்கி வருகிறது. பந்துக்குப் பின்னால் முன்னணியினர் மூவர் ஓடி வருகின்றனர். வார்ட்டன் மேலே தாவிக் குறுக்குச் சட்டத்தைப் பற்றித் தொங்கிக்கொண்டு, வந்த பந்தை இரு கால்களுக்கிடையே கவ்விப் பிடித்தார். ஓடிவந்த மூவரும் அவருக்குக் கீழால் வலைக்குள் போய் விழுந்தனர். இதனைக் கண்டவர் ஐம்பது ஆண்டுக்குமேல் உதைபந்தாட்டம் பார்த்தவர். அதுபோலொன்றை மீண்டும் காணவில்லை என்று 1942 இல் ஷெபீல்ட் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். போர் நடந்துகொண்டிருந்த காலம். வார்ட்டன் இறந்து பதினொரு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவ்வேளையில் அம்முதியவருக்கு அந்தத் தொங்கல் நினைவுக்கு வந்ததே, அதனைவிட ஒரு கோல்காப்பாளருக்கு வேறென்ன சான்று வேண்டும்?

1894 இல் ஷெபீல்ட் யுனைற்றெட் கழகம் அவரைத் தன்பால் இழுத்தது. நல்ல ஆட்டக்காரருக்கு மதுச்சாலையொன்றின் பொறுப்பைக் கொடுத்து இழுப்பது அக்கால வழக்கம். வார்ட்டனும் மதுச்சாலை நடத்தினார். முதற் பிரிவுக் கழகமாகையால் இது ஏற்றமே. ஆனால் அதே கோடைகாலத்தில் அக்கழகம் வில்லியம் புல்க் என்னும் இருபது வயதினரையும் சேர்த்துக்கொண்டது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த அவ்விளைஞர் ஆறடிக்குமேல் உயரமுடையவர்; பின்னாளில் இருபது ஸ்ரோன் நிறையைத் தாண்டி, இங்கிலாந்தின் பெரிய கோல்காப்பாளர் என்று இருபொருளிலும் பேர்பெற்றார். கோலிலே ஒருவருக்குத்தான் இடம். வார்ட்டன் பெரும்பாலும் வெளியே இருந்தார். 1895 பெப்ரவரி 23 ஆம் நாள், அவ்வாண்டு லீக்கை வென்ற சண்டர்லாந்து கழகத்துக்கு எதிராக அவருக்கு இடங் கிடைத்தது. ஆங்கில உதைபந்தாட்டத்தின் முதற் பிரிவில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடியது அதுவே முதன்முறை. ஓர் ஏணியின் உச்சிப்படியில் ஒரு பிற்பகல் நின்றார் என்று சொல்லலாம்.

அதன்பின் இறக்கந்தான். மீண்டும் ரொதர்ஹாம், பின் ஸ்ரேலிபிரிட்ஜ், அஷ்ரன், கடைசியில் இரண்டாம் பிரிவு ஸ்ரொக்போர்ட் கவுண்ரி. முப்பத்தாறு வயதில், 1902 இல், ஆட்டத்தை விட்டார். குடிப்பழக்கமும் அவரைப் பற்றியிருந்தது. மதுச்சாலையை வேலையாகக் கொடுத்து ஆட்டக்காரரை வைத்திருந்த ஏற்பாட்டில் இது வியப்பன்று.

தொழில்முறை ஆட்டம் அந்நாளில் எத்தகைய தொழில் என்பதை இங்கே சொல்லிவைப்பது பொருத்தம். 1893 முதல், ஆட்டக்காரரைப் பதிவுசெய்த கழகம் விட்டாலொழிய அவர் வேறு லீக் கழகத்துக்குப் போகமுடியாது. 1901 முதல் வாரத்துக்கு 4 பவுணுக்குமேல் எவருக்குஞ் சம்பளம் கொடுக்கலாகாது என்று உச்சவரம்பும் விதித்தனர். வெவ்வேறு தொகையாக அவ்வுச்சவரம்பு 1961 வரை நீடித்தது. அரங்கை நிறைத்தவர் கொடுத்த காசு எங்கே போயிற்று என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஆட்டத்திற் கால்முறிந்தவன் 'தொழிலாளி'யா, அவனுக்கு விபத்து நட்டஈடு உண்டா என்ற வழக்கு 1910 இல்தான் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தீர்ந்தது. தொழிலாளியே என்றது தீர்ப்பு. கனவான்கள் எந்தச் சொல்லைச் சொல்லி இவர்களை ஒதுக்கினார்களோ, அந்தச் சொல்லே இவர்களுக்கு முதல் உரிமையைத் தந்தது.

வார்ட்டனுக்கு அது உதவவில்லை. பின்னாளில் அவர் தொங்கஸ்ரருக்கு அண்மையிலுள்ள எட்லிங்ரன் ஊரில் யோர்க்சயர் மெயின் என்னும் நிலக்கரிச் சுரங்கத்திலே வண்டி இழுப்பு வேலையிற் சேர்ந்தார். புல்க் சுரங்கத்திலிருந்து மைதானத்துக்கு ஏறிவந்தார்; அவரிடம் இடத்தை இழந்தவர் மைதானத்திலிருந்து சுரங்கத்துக்கு இறங்கினார். நீண்ட நாள் நோயுற்றிருந்து 1930 டிசெம்பர் 13 ஆம் நாள் இறந்தார். வயது 65. எட்லிங்ரன் மயானத்திலே பெயர்க்கல் இல்லாத குழியில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அப்படியானால் அவர் செய்தது பிழையா? போதகராகப் பயின்று ஊர் திரும்பியிருந்தால் மதிப்போடு வாழ்ந்திருப்பார். தந்தையின் பெயரும் துணைநின்றிருக்கும். இப்படிச் சொல்வோர் உண்டு. நான் இதைச் சொல்லிக் கேட்ட என் நண்பரொருவரும் உடனே இதையே சொன்னார். நானோ வேறுவிதமாய் நினைக்கிறேன். அமெச்சூர் உலகம் அவரைக் கைதட்டி வரவேற்றது. ஆனால் அவர் அடுத்த நாள் என்ன உண்பார் என்பதை அது தன் கவலையாகக் கொள்ளவில்லை. தொழில்முறை உலகம் அவரைப் பழித்தது, ஏசியது, முதுமையிற் கைவிட்டது. எனினும் பதின்மூன்று ஆண்டு அவர் திறமைக்கு விலை கொடுத்தது. ஓர் ஆபிரிக்கருக்கு விக்ரோரியா இராணியின் இங்கிலாந்தில் ஒப்பந்தமெழுதி ஊதியம் கொடுத்து, வெள்ளையர் பதின்மரோடு சமமாக நிறுத்திய இடங்கள் எத்தனை இருந்தன? ரொதர்ஹாம் மைதானம் அவற்றுள் ஒன்று. அது உயர்ச்சி என்று சொல்ல நான் அஞ்சமாட்டேன். அவ்வுயர்ச்சிக்குக் கீழே தாங்குவதற்கு ஒன்றுமில்லாதிருந்தது, பிழை அங்கேதான்.

வார்ட்டனின் பெயர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஓட்டவரலாறு எழுதியவர்கள் 10 விநாடிக்காக அவரை ஒரு வரியிற் குறித்துவைத்தனர். உதைபந்தாட்ட வரலாறு எழுதியவர்கள் அதையும் செய்யவில்லை. ஷெபீல்ட் நகரிலே உதைபந்தாட்டத்தில் நிறவெறியை எதிர்த்து இயங்கியவர்கள் 1990 களில் அவர் வரலாற்றைத் தேடியெடுத்தனர். பில் வசிலி என்னும் ஆய்வாளர் 1998 இல் அவரைப்பற்றித் தனிநூல் வெளியிட்டார். 2003 இல் ஆங்கில உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்து அணி பயிற்சிபெறும் சென் ஜோர்ஜஸ் பார்க்கில் 2014 இல் அவருக்குச் சிலை நிறுவினர். அணிக்குள் இடங் கிடைக்காதவர், அணி நாடோறும் கடந்துபோகும் இடத்தில் இன்று நிற்கிறார். பந்தைத் தலைக்குமேலே தடுத்துத் தள்ளும் பாவனையில் அச்சிலை அமைந்திருக்கிறது.

எட்லிங்ரன் மயானத்தில் அவர் புதைகுழிக்குக் கல் நாட்டப்பட்டது 1997 மே மாதத்தில். அறுபத்தாறு ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த அவ்விடத்தில் அன்று அவர் பெயரை முதன்முறையாகக் கல்லில் வாசித்தனர்.